பல்கலைக்கழக விரிவுரையாளர்களுக்குத் தரப்படும் தொழில்நுட்பம் அவர்கள் வேலைக்குப் பொருந்துகிறதா? செயல்திறன் கூடுகிறதா?

எந்த வேலைக்கு என்று கேட்டால்தான் பதில் சொல்ல முடியும். பாடக்குறிப்புகளைப் பகிர, ஒப்படைப்புகளை வாங்க, அறிவிப்பு அனுப்ப இன்றைய கற்றல் மேலாண்மை மென்பொருள்கள் நன்றாகவே பொருந்துகின்றன. அதில் எனக்குக் குறையில்லை. விடைத்தாள் திருத்த உட்காரும்போதுதான் பிரச்சினை தொடங்குகிறது.

அதற்கு முன் ஆய்வுலகம் சொல்வதைப் பார்த்துவிடலாம். டேல் குட்ஹியூ, ரொனால்ட் தாம்சன் இருவரும் 1995இல் ‘பணி–தொழில்நுட்பப் பொருத்தம்’ பற்றி ஓர் ஆய்வுக்கட்டுரை வெளியிட்டார்கள். இரண்டு நிறுவனங்களில் 600க்கும் மேற்பட்ட ஊழியர்களிடம் தரவு திரட்டிய ஆய்வு அது. கருவியைப் பயன்படுத்தினால் மட்டும் போதாது, செய்யும் பணிக்கு அது பொருந்தவும் வேண்டும். அப்போதுதான் செயல்திறன் கூடும் என்பது அவர்கள் வாதம். இதில் நிர்வாகங்கள் படிக்க வேண்டிய ஒரு பகுதி உண்டு: பயன்பாடு எந்த அளவுக்குக் கட்டாயமோ, அந்த அளவுக்குச் செயல்திறன் பொருத்தத்தையே நம்பியிருக்கும். நமக்கோ எல்லாமே கட்டாயம். ஆகவே ‘ஆசிரியர்கள் அனைவரும் பயன்படுத்துகிறார்கள்’ என்ற அறிக்கை, சுற்றறிக்கை எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது என்பதைத்தான் காட்டுகிறது.

பொருந்தவில்லை என்றால் உடனே பயிற்சி போதவில்லை என்பார்கள். அந்த ஆய்வு பொருத்தத்தை எட்டுக் கூறுகளாக அளந்தது. பயன்படுத்தும் எளிமையும் பயிற்சியும் சேர்ந்து அவற்றில் ஒன்று மட்டுமே. தரவின் தரம், வேண்டியது கைக்குக் கிடைப்பது, அதைப் பார்க்க அனுமதி இருப்பது, அமைப்பின் நம்பகத்தன்மை எல்லாம் மற்றவை. என் மாணவரின் பழைய மதிப்பெண்ணைப் பார்க்க எனக்கு அனுமதியே இல்லாதபோது எந்தப் பயிலரங்கு உதவும்?

இனி திருத்தும் வேலை. கணிதத் தேர்வில் ஒரு மாணவர் 2(x+1) என்றும் இன்னொருவர் 2x+2 என்றும் எழுதுவார்கள். இரண்டும் சரி. எழுத்துக்கு எழுத்து ஒப்பிடும் மென்பொருள் ஒருவருக்குப் பூஜ்யம் போட்டுவிடும். இதற்குப் பயந்து கேள்வியையே நான்கு விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வடிவுக்கு மாற்றிவிடுகிறோம். கருவி நம் வேலைக்கு வளையவில்லை. வேலை கருவிக்கு வளைந்துவிட்டது. ஆனால் பதிவேட்டில் இது ‘நூறு விழுக்காடு இணையவழி மதிப்பீடு’ என்று அழகாக ஏறிவிடும்.

மாற்று இல்லாமல் இல்லை. கணிதம் கற்பிக்கும் கிறிஸ் சங்வின் உருவாக்கிய ஸ்டாக் என்ற மதிப்பீட்டு அமைப்பு, மாக்சிமா என்ற இயற்கணித மென்பொருளைக் கொண்டு விடைகள் கணித ரீதியாகச் சமமா என்று சோதிக்கிறது. காரணிப்படுத்திய வடிவம்தான் வேண்டும் என்றால் அதையும் தனியாகப் பார்க்கும். திருத்துகிறவரின் சங்கடம் தெரிந்த ஒருவர் செய்தது என்பது தொட்டவுடனே புரியும். கணினி அறிவியலாளர் டொனால்ட் கனூத்தும் அப்படித்தான்: 1977இல் தம் நூலின் அச்சுப்படியில் கணிதக் குறியீடுகள் இருந்த அழகைப் பார்த்து வெறுத்துப்போய் டெக் என்ற அச்சுக்கோப்பு மென்பொருளைத் தாமே எழுதத் தொடங்கினார். இன்றும் எங்கள் துறையில் வினாத்தாள் அதன் வழிவந்த லாடெக்கில்தான் தயாராகிறது. அதைப் பயன்படுத்தச் சொல்லி யாரும் எங்களுக்கு உத்தரவு போட்டதில்லை.

உங்கள் நிறுவனத்தில் பொருத்தத்தை அளக்க வேண்டுமா? கருத்துக்கணிப்பை விடுங்கள். எந்தெந்த வேலைக்கு ஆசிரியர்கள் தனியாக எக்செல் கோப்பு வைத்திருக்கிறார்கள் என்று கேளுங்கள். என்னிடம் இருப்பது அகமதிப்பீட்டுக்கானது: தாமதமாகக் கொடுத்தவருக்கு மதிப்பெண் குறைப்பு, நோயுற்றவருக்கு விலக்கு, பல சிறுதேர்வுகளில் மிகக் குறைந்ததை நீக்குவது. எங்கள் அமைப்பில் இவை மூன்றுக்கும் இடமில்லை. எக்செலில் கணக்கிட்டு, முடிந்த எண்ணை மட்டும் அமைப்பில் ஒவ்வொன்றாகத் தட்டச்சு செய்கிறேன்.