நிவாரணத்துக்கு நிபந்தனை: உங்கள் கேள்விகளுக்குப் பதில்கள்

போர் நடக்கும் நாடுகளுக்கு உதவி அனுப்பும்போது சட்டம் எங்கே குறுக்கே வருகிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். சிங்கப்பூரில் சில அறநிறுவனங்களுக்கு இப்படி உதவி அனுப்புவதற்கான ஆவணங்களைப் பார்த்துக் கொடுப்பது என் வேலை. வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

செங்காங்கிலிருந்து: அக்கா, நாம் அனுப்பும் அரிசி ஆயுதக்காரர்கள் கையில் சிக்கினால்? நிபந்தனை போடுவது சரிதானே?

சரிதான், ஓர் எல்லைவரை. போர்க்காலத்தில் பொதுமக்களைக் காக்கும் 1949ஆம் ஆண்டின் நான்காம் ஜெனீவா உடன்படிக்கையில் 23ஆவது பிரிவைப் பாருங்கள். எதிரி நாட்டு மக்களுக்கே போனாலும் மருந்துக்கு வழிவிட வேண்டும். 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், கர்ப்பிணிகள், பிள்ளை பெற்ற தாய்மார்களுக்கான உணவு, உடைக்கும் அப்படியே. சரக்கு வேறு கைக்குப் போய்விடும், கண்காணிப்பு பலிக்காது, எதிரியின் படைக்குத் தெளிவான ஆதாயம் கிடைக்கும் என்று அஞ்சப் பலமான காரணம் இருந்தால் மறுக்கலாம்.

இந்த மூன்றும் சரக்கைப் பற்றியவை. சாப்பிடப் போகிறவரை ஆள்வது நல்ல அரசா, கெட்ட அரசா என்ற கேள்வியே அங்கு எழவில்லை. லாரிக்கு முத்திரை வையுங்கள், கணக்குக் கேளுங்கள், ஆள் அனுப்பிப் பாருங்கள். “உங்கள் தலைவர் திருந்தட்டும், அப்புறம் பால்மாவு தருகிறோம்” என்பதை மட்டும் என்னால் ஏற்க முடியாது.

ஜூரோங்கிலிருந்து: மனித உரிமையை மீறும் நாடுகளுக்கு உதவியை நிறுத்த அமெரிக்கா சட்டமே வைத்திருக்கிறதே, அது தவறா?

அது பாதுகாப்பு உதவி, ஐயா. கடுமையான மீறல்களில் ஈடுபட்ட படைப்பிரிவுக்குப் பயிற்சியோ தளவாடமோ தரக்கூடாது என்பது லேஹி சட்டம். அந்நாட்டின் வெளிநாட்டு உதவிச் சட்டத்தில் இன்னொரு பிரிவும் உண்டு: அமெரிக்க நிவாரணப் பொருளைத் தடுக்கும் நாட்டுக்குப் பாதுகாப்பு உதவி கிடையாது. அதிபர் விலக்கு அளிக்கலாம் என்று ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறார்கள். ஆனாலும் நிபந்தனை விழுவது துப்பாக்கி மேல், அரிசி மேல் இல்லை. அந்த வரிசை சரியான வரிசை.

ஈசூனிலிருந்து: என் பெற்றோர் யாழ்ப்பாணத்தவர்கள். சுனாமி உதவி நீதிமன்றத்தில் சிக்கியது என்பார்கள். என்ன நடந்தது?

அதற்குக் கொஞ்சம் முன்னால் போக வேண்டும். என் கணவரின் குடும்பமும் அங்கிருந்து வந்ததுதான். 90களில் யாழ்ப்பாணத்துக்குள் எரிபொருள், பேட்டரி, சிமெண்ட், உரம் எல்லாவற்றுக்கும் தடை அல்லது கட்டுப்பாடு. புலிகளுக்குப் பயன்படும் என்பது அரசு சொன்ன காரணம். அந்த அச்சம் பொய்யில்லை. ஆனால் மாமி ஜாம் போத்தலுக்குள் பஞ்சை வைத்து, அது நனையும் அளவுக்கு மட்டும் மண்ணெண்ணெய் விட்டு ஏற்றிய விளக்கில்தான் மூன்று பிள்ளைகள் படித்தார்கள். பாடம் முடிந்ததும் ஊதி அணைத்துவிடுவாராம், மிச்ச எண்ணெய் நாளைக்கு வேண்டுமே.

சரி, சுனாமிக்கு வருகிறேன். 2004 டிசம்பரில் அலை அடித்தது. வடக்கிலும் கிழக்கிலும் நிவாரணத்தை அரசும் புலிகளும் சேர்ந்து நடத்த, 2005 ஜூனில் ‘பொதுக் கட்டமைப்பு’ என்ற ஒப்பந்தம் கையெழுத்தானது. ஜூலையிலேயே உச்ச நீதிமன்றம் வட்டார நிதி உள்ளிட்ட முக்கியமான பகுதிகளுக்கு இடைக்காலத் தடை விதித்தது. கட்டமைப்பு நடைமுறைக்கு வரவேயில்லை. ஆயுதக் குழுவோடு அரசு இப்படி ஒப்பந்தம் போடலாமா என்பது பெரிய கேள்விதான், வாதாடட்டும். கூடாரத்தில் இருந்தவர்களுக்கு வேறு வழி எதுவும் திறக்காமல் அந்த வழியை அடைத்ததுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பிடோக்கிலிருந்து: பொருளே கொடுக்காமல், வெறும் ஆலோசனை சொன்னாலும் குற்றமாகுமா?

அமெரிக்காவில் ஆகலாம். சண்டையை விட்டுச் சட்ட வழியில் போக, குர்திய அமைப்பான பிகேகேவுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் உதவ விரும்பியவர்கள் தொடுத்த வழக்கில், தடை செய்யப்பட்ட அமைப்புக்குப் பயிற்சி தருவதும் குற்றமான ‘பொருளுதவி’தான் என்று 2010இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

இந்தப் பயம் நிவாரணக்காரர்களையும் பிடித்து ஆட்டியது. நல்ல காரியத்துக்கான பணத்தையும் அனுப்ப வங்கிகள் தயங்கின. 2022 டிசம்பரில் ஐநா பாதுகாப்பு மன்றம் 2664ஆம் தீர்மானத்தின் வழியே, தன் சொத்து முடக்க நடவடிக்கைகளிலிருந்து மனிதாபிமான உதவிக்கு விலக்கு அளித்தது. வங்கியில் தயங்கினால் இந்த எண்ணைச் சொல்லிப் பேசுங்கள். ஒவ்வொரு நாடும் தனியாகப் போடும் தடைகளுக்கு இது பொருந்தாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

பொங்கோலிலிருந்து: எங்கள் புளோக்கில் உண்டியல் வைத்துப் பணமும் மருந்தும் சேர்த்து அனுப்பலாமா அக்கா?

அனுமதியில்லாமல் வேண்டாம். வெளிநாட்டு நற்காரியத்துக்காகப் பொதுமக்களிடம் பணம் திரட்ட முன்கூட்டியே அனுமதி பெற வேண்டும். செலவு போகக் குறைந்தது 80 விழுக்காட்டுத் தொகை சிங்கப்பூரிலேயே பயன்பட வேண்டும் என்பது பொது விதி. பேரிடர் நிவாரணத்துக்கு அதைத் தளர்த்தக் கேட்கலாம். செஞ்சிலுவைச் சங்கம் போல ஏற்கெனவே அனுமதி பெற்றுத் திரட்டுபவர்களிடம் கொடுப்பது எளிது. உள்ளூர் நன்கொடைக்குக் கிடைக்கும் வரிக்கழிவை இதற்கு எதிர்பார்க்காதீர்கள்.

மருந்து சேர்க்கவே வேண்டாம். ஒருமுறை நான் பிரித்த பெட்டியில், பாதி குடித்த இருமல் மருந்து கசிந்து, அடியில் இருந்த குழந்தைத் துணியெல்லாம் பிசுபிசுத்துக் கிடந்தது. அன்று நான்கு தொண்டூழியர்களுக்கு ஒரு பகல் முழுக்கப் பிரிக்கும் வேலை. பணமாகவே கொடுங்கள்.