டீச்சரிடம் கேளுங்கள்: பதின்மூன்று மார்க் வித்தியாசம்

கேள்வி: நாங்கள் பிற்படுத்தப்பட்ட வகுப்பு. என் மகள் கட்-ஆஃப் 184.5 எடுத்தும் அரசுக் கல்லூரியில் வேளாண்மைப் படிப்பு கிடைக்கவில்லை. அவளோடு படித்த எஸ்.சி. பெண்ணுக்கு 171.5க்கே கிடைத்துவிட்டது. இது பாகுபாடு இல்லையா டீச்சர்? மகள் இப்போது அவளோடு பேசுவதே இல்லை.
- ஒரு தந்தை, சேரன்மகாதேவி

பதில்: ராத்திரி பகலாகப் படித்த பிள்ளை அழுதால் பெற்ற மனசு தாங்காது தம்பி. எஸ்.சி.க்கான 18 சதவீத இடஒதுக்கீட்டைப் பொதுவில் சேர்த்திருந்தால் உங்கள் மகளுக்கு இடம் கிடைத்திருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் அதை எடுத்தால் உங்கள் வகுப்புக்கான 26.5 சதவீதத்தையும் எடுக்கத்தான் வேண்டும். அப்புறம் லட்சக்கணக்கில் கட்டிக் கோச்சிங் போன பிள்ளைகளோடு அவள் மல்லுக்கட்ட வேண்டும். இன்னொன்று, நல்ல மார்க் எடுத்த எஸ்.சி. பிள்ளைக்குப் பொதுப் பிரிவு 31 சதவீதத்திலேயே இடம். அதை 18இல் கழிப்பதில்லை.

மார்க் எப்படி வருகிறது என்பதை நான் வகுப்பறையில் பார்த்தவள். மணிக்கட்டில் கட்டிய சாதிக் கயிற்றின் நிறத்தைப் பார்த்து எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் பெஞ்சில் இடம் பிடிப்பார்கள். காலனிப் பிள்ளைக்குக் கடைசி பெஞ்சு. சந்தேகம் கேட்க எழுந்தால் பக்கத்திலிருந்து ஒரு முனகல் வரும். மறுநாள் அவள் எழ மாட்டாள். அவளுடைய கணக்கு மார்க்கில் அந்த முனகலும் சேர்ந்திருக்கிறது.

உங்கள் ஊர் குருகுலத்தில் 1920களில் நடந்தது தெரியும்தானே? ஊர்ப் பணத்தில் நடந்த இடத்தில் பிராமணப் பிள்ளைகளுக்குத் தனிப் பந்தி போட்டார்கள். அதை எதிர்த்துப் பெரியார் போன்றவர்கள் எழுப்பிய குரலுக்கும் உங்களுக்குக் கிடைத்த 26.5க்கும் தொடர்பு உண்டு. பாகுபாடு என்றால் அந்தப் பந்திதான்.

கோபப்பட வேண்டியது அரசுக் கல்லூரி இடங்கள் இவ்வளவு குறைவாக இருப்பதற்கு. அடுத்த சுற்றுக் கலந்தாய்வு இருந்தால் விடாதீர்கள். அந்தப் பெண்ணை ஒருநாள் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிடச் சொல்லுங்கள்.

கேள்வி: சாதியை விட்டுவிட்டு ஏழைகளுக்கு மட்டும் இடஒதுக்கீடு கொடுத்தால் என்ன?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: ஏழைக்கு உதவித்தொகை, கட்டணச் சலுகை எல்லாம் வேண்டும். மருத்துவத்தில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 2020இல் 7.5 சதவீதம் வந்தபோது மனசார மகிழ்ந்தேன். ஆனால் 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனைக் கூடப் படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அவன் வீட்டு வருமானத்தைப் பார்த்தா வெட்டினார்கள்? அதன் பிறகு நீதிபதி சந்துரு குழு 2024இல் கொடுத்த அறிக்கை, பள்ளியில் சாதிக் கயிறு கூடாது என்கிறது. முதலில் நம் பக்கத்துப் பள்ளிகளில் அந்தக் கயிறுகள் அவிழட்டும். வருமானத்தை மட்டும் பார்ப்பதா என்பதை அப்புறம் பேசலாம்.