வைஃபை இணைந்துவிட்டால் போதாதா? கருவிகள் பேசிக்கொள்ள நெறிமுறை எதற்கு?

கம்பியோ வைஃபையோ போட்டு இரண்டு கருவிகளை இணைத்துவிட்டால் அவை பேசிக்கொள்ள வேண்டியதுதானே, நடுவில் நெறிமுறை, அதாவது புரோட்டோகால், எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள். மன்னார்குடிப் பக்கம் கடைகளுக்கு நெட்வொர்க் அமைத்துக் கொடுப்பது என் தொழில். உங்கள் கேள்விக்கான விடையைப் போன குறுவையின்போது ஓர் உரக்கடையில் நேராகவே பார்த்தேன்.

அன்று காலை கடை வாசலில் யூரியாவுக்கும் டிஏபிக்கும் பத்துப் பன்னிரண்டு பேர் நின்றுகொண்டிருந்தார்கள். முதல் நாள் மாலைதான் கடையில் புதிய ரூட்டர் மாட்டியிருந்தார்கள். "லைட் எல்லாம் எரிகிறது தம்பி, பில் மட்டும் வரமாட்டேன் என்கிறது" என்றார் கடைக்காரர். அவர் சொன்னது சரிதான். கம்பியில் குறையில்லை, பிரிண்டரின் பச்சை விளக்கும் துடித்துக்கொண்டிருந்தது. முகவரியைப் பார்த்தேன். பிரிண்டருக்குப் பழைய ரூட்டர் காலத்தில் 192.168.1.50 என்று நிரந்தரமாக எழுதி வைத்திருந்தார்கள். புதிய ரூட்டரோ கணினிக்கு 192.168.0.12 என்று கொடுத்திருந்தது.

மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள். அங்கே 1, இங்கே 0. முகவரிகளைக் கவனிக்கும் ஐபி என்ற நெறிமுறைப்படி, கணினி எதையும் அனுப்பும் முன் தன் முகவரியையும் எதிராளியின் முகவரியையும் ஒப்பிட்டுப் பார்க்கும். அந்தக் கடையின் அமைப்பில் முதல் மூன்று எண்கள் ஒன்றாக இருந்தால் "உள்ளூர்", இல்லையென்றால் "வெளியூர்". இரண்டடி தள்ளி மேசைமேல் இருந்த பிரிண்டரை வெளியூர் என்று முடிவு கட்டி, கணினி பில்லை ரூட்டரிடம் கொடுத்தது. அப்படி ஓர் ஊரை ரூட்டருக்குத் தெரியாது. பில் அங்கேயே தொலைந்தது. பிரிண்டரின் முகவரியை 192.168.0.50 என்று மாற்றி, கணினியிலும் அதையே பதிந்தேன். அந்த எண்ணை வேறு எந்தக் கருவிக்கும் கொடுக்கக் கூடாது என்று ரூட்டரிலும் குறித்து வைத்தேன். பில் வந்தது. இணைப்பு என்பது வேறு, உடன்பாடு என்பது வேறு. நெறிமுறை என்பது இரண்டாவது.

கணினிக்கு முகவரி கிடைத்த விதமும் ஒரு நெறிமுறைதான். டிஎச்சிபி என்று பெயர். புதிதாக நுழையும் கருவி, "எனக்கு முகவரி தருபவர் யாரேனும் உண்டா?" என்று பொதுவாகக் கூவும். ரூட்டர் ஓர் எண்ணைக் காட்டும். "அதையே எடுத்துக்கொள்கிறேன்" என்று கருவி சொல்லும். "சரி, இத்தனை மணி நேரத்துக்கு உனக்கு" என்று ரூட்டர் முடித்துவைக்கும். ஆங்கிலத்திலும் இதைக் குத்தகை என்றே சொல்கிறார்கள். சொந்தமில்லை, குத்தகை. பாதிக் காலம் முடிந்ததுமே கருவி புதுப்பித்துத் தரச் சொல்லிக் கேட்கத் தொடங்கிவிடும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தரும் டிஎன்எஸ்ஸும் இந்த வரிசையில் வருவதுதான்.

ஆனால் என்னை இன்றைக்கும் வியக்க வைப்பது டிசிபி. அனுப்பிய தகவல் முழுதாகப் போய்ச் சேர்வதைப் பார்த்துக்கொள்ளும் நெறிமுறை இது. 1974இல் விண்ட் செர்ஃப், பாப் கான் என்ற அமெரிக்கக் கணினி அறிஞர்கள் இருவரும் எழுதிய கட்டுரையில் பிறந்தது. 1983 ஜனவரி 1 அன்று இணையத்தின் முன்னோடியான அமெரிக்காவின் ஆர்ப்பாநெட் முழுவதும் டிசிபி/ஐபிக்கு மாறியது. வழியில் எதுவும் தொலைந்து போகலாம் என்பதை ஒப்புக்கொண்டே இது தொடங்குகிறது. முதலில் மூன்று வார்த்தை: "பேசலாமா?" "பேசலாம், நான் சொல்வது கேட்கிறதா?" "கேட்கிறது." பிறகு தகவலைத் துண்டு துண்டாக்கி எண்ணிட்டு அனுப்பும். கிடைத்தது என்று மறுமுனை சொல்ல வேண்டும். குறித்த நேரத்துக்குள் பதில் இல்லையென்றால் அதே துண்டு மறுபடி போகும்.

இதிலேயே ஒரு பெரிய ஆபத்தும் இருந்தது. 1986 அக்டோபரில் கலிஃபோர்னியாவில் ஏறத்தாழ 400 கஜ தூரத்தில் இருந்த இரண்டு நிறுவனங்களுக்கு இடையே, வினாடிக்கு 32,000 பிட் போன வழியில் 40 பிட்தான் போனது. பாதை நிரம்பியதால் துண்டுகள் தொலைந்தன. தொலைந்ததை எல்லோரும் மறுபடி அனுப்ப, பாதை இன்னும் நிரம்பியது. அமெரிக்கக் கணினி அறிஞர் வான் ஜேக்கப்சன் 1988இல் வெளியிட்ட கட்டுரையில் இதற்கு வழி சொன்னார். கொஞ்சமாகத் தொடங்கு, பதில் வரவரக் கூட்டு, ஒரு துண்டு தொலைந்தால் நெரிசல் என்று கொண்டு உடனே குறை.

டெல்டாக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். மேட்டூரில் திறந்த தண்ணீர் மூன்று நான்கு நாளில் கல்லணைக்கு வந்து சேரும். அங்கே காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரித்துவிடும்போது எடுத்த எடுப்பில் முழு அளவையும் விடமாட்டார்கள். படிப்படியாகத்தான் ஏற்றுவார்கள். மொத்தமாக விட்டால் வழியில் எங்கோ கரை உடையும், கடைமடைக்கு ஒன்றும் போய்ச் சேராது. வித்தியாசம் ஒன்றுதான். ஆற்றில் மதகுக்கு மதகு ஷட்டரை இறக்கி ஏற்ற ஆள் இருக்கிறார். அடிப்படையான டிசிபியில் அப்படி யாரும் இல்லை. கடைமடையிலிருந்து வரும் "கிடைத்தது" என்ற சொல்லை வைத்தே தலைமடையில் இருப்பவர் தம் அளவைத் தாமே குறைத்துக்கொள்கிறார். முகம் தெரியாத கோடிக்கணக்கான கருவிகள் இந்த ஒழுக்கத்தைக் கடைப்பிடிப்பதால்தான் உங்கள் கைப்பேசிக்கும் ஒரு பங்கு வந்து சேர்கிறது. கடைமடை ஊரில் வளர்ந்தவன் என்பதால் இதைப் படித்த அன்று எனக்கு உண்மையாகவே நெஞ்சு நிறைந்தது.

எல்லாவற்றுக்கும் டிசிபி பொருந்தாது. வீடியோ அழைப்பில் தொலைந்த சொல் இரண்டு வினாடி கழித்து வந்து பயனில்லை. அங்கே பெரும்பாலும், தொலைந்ததை மறுபடி அனுப்பாத யுடிபி என்ற நெறிமுறைதான்.

அடுத்த முறை வைஃபை இணைந்தும் இணையம் வராவிட்டால், கணினியின் ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால், முகவரி கேட்டதற்கு யாரும் பதில் சொல்லவில்லை, கணினி தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். ரூட்டரை அணைத்துப் போட்டுப் பாருங்கள். பிரிண்டர் மட்டும் வேலை செய்யாவிட்டால் இரண்டின் முகவரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி ஒப்பிடுங்கள். அந்த உரக்கடைப் பிரிண்டரின் மூடிக்கு உள்பக்கம் 192.168.0.50 என்று எழுதி ஒட்டிவிட்டுத்தான் வந்தேன்.