தெரு நாய்க்கு ஏன் இத்தனை ரோமம்?

கேள்வி: எனக்கு வயது 54. திருச்சியில் கணக்கு ஆசிரியையாக இருக்கிறேன். இரண்டு ஆண்டுகளாக ஞாயிற்றுக்கிழமைகளில் அக்ரிலிக் வண்ணத்தில் நாய், ஆடு, கொல்லிமலைக் காட்சிகள் என்று வரைந்து வருகிறேன். யாரிடமும் கற்றதில்லை. மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்தால், குழைப்பதற்குள் வண்ணம் காய்ந்துவிடுகிறது. நேற்று கலந்த நிறம் இன்று வேறாகத் தெரிகிறது. எங்கள் தெரு நாயின் ரோமம் துடைப்பக் குச்சி போல நிற்கிறது. மரங்கள் பிளாஸ்டிக் தோரணம் போல இருக்கின்றன. அடுத்து விராலிமலை மயில் ஒன்றை வரைய ஆசை. அதற்கு முன் எண்ணெய் வண்ணத்துக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். சீக்கிரம் காய்ந்துவிடுகிறது என்று நீங்கள் குறைப்பட்டுக்கொள்கிறீர்களே, அந்தக் குணம்தான் உங்கள் துடைப்பக் குச்சிக்கு மருந்து.

முதலில் டியூபுக்குள் இருப்பது என்ன என்று பார்த்துவிடலாம். நிறப்பொடி, நீர், அந்த நீரில் மிதக்கும் அக்ரிலிக் பாலிமர் துகள்கள், அவ்வளவுதான். நீர் ஆவியானதும் துகள்கள் நெருங்கி, ஒட்டி, ஒரே படலமாகிவிடும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் கரையாது. வாட்டர் கலர் காய்ந்த பின்னும் கரையும். எண்ணெய் வண்ணம் நாள்கணக்கில் ஈரமாகவே இருக்கும். இது இரண்டு சாதியிலும் சேராது. நீரில் கலக்கும் அக்ரிலிக் ஓவியர்களுக்காக லிக்விடெக்ஸ் என்ற பெயரில் அமெரிக்காவில் வந்ததே 1955-இல்தான். ஓவிய உலகில் அது நேற்றுப் பிறந்த குழந்தை. எண்ணெய் வண்ணத்துக்கான பாடத்தை அப்படியே இதற்கும் ஒப்பிப்பதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

நிறம் மாறுவதற்கும் காரணம் அந்தப் பாலிமர்தான். ஈரமாக இருக்கும்போது அது பால் போல வெண்மையாக இருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும். வெண்மை விலகியவுடன் நிறம் ஒரு படி கறுத்துத் தெரிகிறது. அடர்ந்த நிறங்களில் இது இன்னும் நன்றாகத் தெரியும். ஆகவே, கலந்ததும் ஒரு துண்டுத் தாளில் சிறிது பூசி, ஹேர் டிரையரால் காயவைத்துப் பார்த்துவிட்டுப் படத்தில் வையுங்கள். பெரிய வானம், பின்னணி போன்றவற்றுக்குத் தேவையான நிறத்தை ஒரே தடவையில் கலந்து, மூடி இறுகும் சிறு டப்பாவில் வைத்துக்கொள்ளுங்கள். மறுநாள் அதே நிறத்தை மறுபடியும் கலந்துவிடலாம் என்று நம்பிக் கெட்ட அனுபவம் எனக்கும் உண்டு.

மின்விசிறியை நிறுத்தச் சொல்ல மனம் வரவில்லை. திருச்சி வெயிலை நானும் அறிவேன். காற்று உங்கள் மேல் படட்டும், வண்ணத்தட்டின் மேல் பட வேண்டாம். மூடியுள்ள இனிப்புப் பெட்டி ஒன்றை எடுத்து, பருத்தித் துணியை நான்காக மடித்து நனைத்து உள்ளே விரித்து, மேலே பட்டர் பேப்பரைப் போடுங்கள். அதன் மேல்தான் வண்ணத்தைப் பிழிய வேண்டும். தாளின் வழியே ஈரம் கசிந்து ஏறிக்கொண்டே இருக்கும். மூடி வைத்தால் மறுநாளும் வண்ணம் உயிரோடு இருக்கும். காய்வதைத் தாமதப்படுத்தும் ரிடார்டர் கடையில் கிடைக்கிறது. புட்டியில் எழுதியுள்ள அளவுக்கு மேல் ஒரு சொட்டும் விடாதீர்கள். பிசுபிசுப்பு போகவே போகாது.

இனி நாய். கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தைப் பார்த்ததும் எனக்குத் தோன்றிய முதல் கேள்வி, தெரு நாய்க்கு ஏன் இத்தனை ரோமம் என்பதுதான். நம் ஊர் நாய்க்கு மயிர் குட்டை, உடலோடு படிந்திருக்கும். நான்கடி தள்ளி நின்று பாருங்கள். தனித்தனி மயிர் எங்கே தெரிகிறது? கழுத்து மடிப்பில், காது ஓரத்தில், வால் அடியில், வெளிச்சம் திரும்பும் முதுகு விளிம்பில், அவ்வளவுதான். மற்ற இடமெல்லாம் ஒளியும் நிழலும் மட்டுமே. நாய்க்கு ரோமம் உண்டு என்று மூளைக்குத் தெரிந்ததால் கை இழுத்துக்கொண்டே போய்விட்டது.

அதே நாயை மறுபடியும் வரையுங்கள். கேன்வாஸின் வெள்ளையை முதலில் கொன்றுவிடுங்கள். பர்ன்ட் சியன்னா என்ற செம்பழுப்பு வண்ணத்தை நீர்க்கக் கரைத்து முழுவதும் பூசினால் போதும். கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நாயின் புகைப்படத்தைப் பார்த்தால் நுணுக்கம் மறைந்து, இருட்டும் வெளிச்சமும் மட்டும் திட்டுத் திட்டாக நிற்கும். அல்ட்ராமரைன் நீலத்தோடு பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பைக் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஓர் இருட்டு கிடைக்கும். டியூபில் வரும் கறுப்பைவிட அதற்கு உயிர் அதிகம். அதை வைத்து நிழல்களைப் போடுங்கள். நடுநிறத்துக்கு பர்ன்ட் சியன்னாவும், எல்லோ ஓக்கர் என்ற மண் மஞ்சளும். இதுவரை ஒரு மயிர்கூட வேண்டாம். இந்த நிலையிலேயே அது நாயாகத் தெரியாவிட்டால், மயிர் போட்டு அதை நாயாக்க முடியாது.

மாட்டுச் சந்தையில் சுழி பார்த்து விலை பேசுவார்கள். ஓவியருக்கும் சுழி முக்கியம், சகுனத்துக்காக அல்ல. மூக்கிலிருந்து நெற்றிக்கும், அங்கிருந்து கழுத்துக்கும் படியும் மயிர், மார்பில் சுழித்துத் திசை மாறும். இந்தத் திசைகளை ஒரு தாளில் அம்புக்குறிகளாக வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். ரோமத்துக்கு லைனர் பிரஷ், அதாவது நீண்ட மெல்லிய நுனியுள்ள தூரிகை. வண்ணம் பேனா மை அளவுக்கு நீர்த்திருக்க வேண்டும். கெட்டியாக இருந்தால் கோடு பாதியில் அறுந்துபோகும். அழுத்தித் தொடங்கி, நுனியில் எடுத்துவிடுங்கள். பழைய தட்டைத் தூரிகை ஒன்றின் நுனியை பிளேடால் அங்கங்கே கொத்திவிட்டால், ஒரு வீச்சில் பத்து மயிர் வரும். அதற்கென்று தனி பிரஷ் விற்கிறார்கள். உடனே வாங்கத் தேவையில்லை.

அடுத்த படியைத்தான் நீங்கள் செய்யவில்லை. மயிர் காய்ந்ததும் வண்ணத்தை ஒளி ஊடுருவும்படி மெல்லியதாக்கும் கிளேஸிங் மீடியத்தை ஒரு மொச்சை அளவு எடுத்து, அதில் கடுகளவு பர்ன்ட் சியன்னா கலந்து, வெளிச்சப் பகுதியின் மேல் கண்ணாடித் தாள் போல ஒரு பூச்சுக் கொடுங்கள். நிழல் பக்கத்துக்கு அதே அளவில் அல்ட்ராமரைன். விறைத்து நின்ற கோடுகள் எல்லாம் தோலோடு அமுங்கிவிடும். காய்ந்த பிறகு, வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் நாலைந்து மயிர் இழுங்கள். அதன் மேல் மறுபடியும் ஒரு பூச்சு. உங்கள் வெயிலில் ஒவ்வொரு பூச்சும் பத்துப் பதினைந்து நிமிடத்தில் காய்ந்துவிடும். அடியில் இருப்பது கரைந்து குழம்பாது. ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஏழெட்டுப் பூச்சுகள் போடலாம். எண்ணெய் வண்ணத்தில் இதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

கண்ணைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, நானாகச் சொல்கிறேன். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு வெள்ளாட்டை வரைந்து, பெருமையோடு சுவரில் மாட்டினேன். பால் கொண்டுவரும் பாட்டி ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "இது ஆட்டுக் கண் இல்லையே தம்பி, நாய் முழிக்கிற மாதிரி இருக்கிறதே" என்றார். உண்மைதான். ஆட்டின் கண்மணி படுக்கை வாட்டில் நீண்டிருக்கும். நான் வட்டமாகப் போட்டிருந்தேன். நாய்க்கு வட்டம், வீட்டுப் பூனைக்குப் பகலில் செங்குத்தான கீற்று. மேல் இமையின் நிழல் கண்ணின் மேல்பகுதியில் விழும். அதை விட்டுவிட்டால் பொம்மைக் கண்ணாகிவிடும். கண்ணில் மின்னும் புள்ளி வானத்தின் பிரதிபலிப்பு. அதனால் திறந்த வெளியில் அது தூய வெள்ளையாக இல்லாமல் சற்று நீலம் கலந்திருக்கும். நடு மையத்தில் வைக்காதீர்கள்.

மரங்களுக்கு வருவோம். டியூபில் வரும் தாலோ பச்சை என்ற கடும் பச்சையை அப்படியே பூசியிருக்கிறீர்கள். தோரணம் அங்கிருந்துதான் வருகிறது. அல்ட்ராமரைனும் மஞ்சளும் கலந்து பச்சையை நீங்களே உண்டாக்குங்கள். கண்ணைக் குத்தினால் ஒரு துளி பர்ன்ட் சியன்னா சேர்த்து அடக்குங்கள். கொல்லிமலையின் பின்வரிசை மலைகளில் பச்சையே வேண்டாம். தொலைவு கூடக்கூட நீலமும் வெளிறலும்தான் கூடும்.

விராலிமலை மயிலை ஆசைப்பட்டபடியே வரையுங்கள். ஆனால் நீல டியூபைக் கடைசியில் திறங்கள். மயில் இறகில் நீல நிறமியே கிடையாது. உள்ளே இருப்பது கரும்பழுப்பு மெலனின். அதன் நுண்ணிய அடுக்கமைப்பில் ஒளி பட்டுச் சிதறும் விதத்தால்தான் நமக்கு நீலமும் பச்சையும் தெரிகின்றன. இறகு செய்வதையே நீங்களும் செய்யலாம். கழுத்து முழுவதையும் முதலில் கரும்பழுப்பில் போட்டுக் காயவிடுங்கள். அதன் மேல் தாலோ நீலம், அல்ட்ராமரைன், மரங்களுக்கு நான் ஒதுக்கச் சொன்ன அதே தாலோ பச்சை ஆகியவற்றை மெல்லிய பூச்சுகளாக ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள். ஒளி நேராகப் படும் இடத்தில் மட்டும் வெள்ளை கலந்த நீலத்தைச் சிறு செதில்களாக வையுங்கள். பளபளக்கும் மெட்டாலிக் வண்ணம் வாங்கும் ஆசை வரும். வாழ்த்து அட்டை போலாகிவிடும், வேண்டாம். கைப்பேசியில் படமெடுக்கும்போது பறவைக்கு மிக அருகே போகாதீர்கள். அலகு பெருத்து, உடல் சிறுத்துவிடும். தள்ளி நின்று ஜூம் செய்யுங்கள்.

முடித்த படங்களை அடுக்கி வைக்கும்போது ஒரு கவனம் தேவை. அக்ரிலிக் படலம் வெப்பத்தில் இளகும்; முகத்தோடு முகம் வைத்தால் ஒட்டிக்கொள்ளும். ஒரு சித்திரை மாதம் வீடு மாறியபோது, எருமை ஓவியம் ஒன்றைக் குமிழி பிளாஸ்டிக்கில் இறுக்கிச் சுற்றி வைத்தேன். பிரித்தபோது எருமையின் முதுகு முழுவதும் வட்ட வட்டமாகப் பள்ளங்கள். பார்க்க வருகிறவர்கள் அது என்ன உத்தி என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.