தம்பிக்கு மாலைக்கண்: மகளை அண்ணன் மகனுக்குக் கொடுக்கலாமா?

கேள்வி: நான் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். இப்போது டவுனில் இருக்கிறோம். வயது 49. என் தம்பிக்கு 41. சின்ன வயதிலிருந்தே இருட்டினால் அவனுக்குக் கண் தெரியாது. இப்போது பகலிலும் சிரமம். கோயில் திருவிழாவில் இலை போட்டால் ஓரத்தில் வைத்த ஊறுகாயும் உப்பும் அவன் கண்ணில் படுவதில்லை. தலையைத் திருப்பித் தேடுகிறான். ஈப்போவில் பார்த்தபோது ‘ரெட்டினிடிஸ் பிக்மென்டோசா, பரம்பரை நோய்’ என்றார்கள். எங்கள் அம்மா, அப்பாவுக்கு அக்காள் மகள் முறை. அம்மாவுக்கு இப்போது 72. அப்பா கடைசி வரை நன்றாகப் பார்த்தார். அம்மாவுக்கும் எனக்கும் அண்ணனுக்கும் கண்ணில் குறை இல்லை. என் மகளுக்கு 25. அவளுக்கும் என் அண்ணன் மகனுக்கும் கல்யாணம் பேசியிருக்கிறோம். இருவருக்கும் விருப்பம். சொந்தக்காரர்கள் சிலர் ‘வேண்டாம், பிள்ளைக்குக் கண் போய்விடும்’ என்கிறார்கள். மகளுக்கு ரத்தம் சோதித்தால் தெரிந்துவிடுமா? 13 வயதில் ஒரு மகனும் இருக்கிறான்.

பதில்: சகோதரி, முதலில் சோதிக்க வேண்டியது உங்கள் மகளை இல்லை, உங்கள் தம்பியை. இதை மட்டும் மனதில் வைத்துக்கொண்டாலே பாதி வேலை முடிந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

விழித்திரையில் இரண்டு வகைச் செல்கள் உண்டு. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க உதவும் குச்சி வடிவச் செல்கள் நடுப்பகுதியைச் சுற்றியும் ஓரங்களிலும் பரவிக் கிடக்கின்றன. நிறத்தையும் எழுத்தையும் பார்க்கும் கூம்புச் செல்கள் நடுவில் நெருக்கமாக இருக்கின்றன. இந்த நோயில் முதலில் சாவது குச்சிச் செல்கள். அதனால்தான் இருட்டும் ஓரமும் சேர்ந்தே போகின்றன. இலை ஓரத்து ஊறுகாய் தெரியாத தம்பிக்கு எதிரில் இருப்பவர் முகம் தெளிவாகத் தெரியும். ‘நடிக்கிறான்’ என்று பலர் திட்டுவது இந்தக் காரணத்தால்தான்.

நான் தோட்டத்தில் வளர்ந்தவன். விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு பால்மரம் வெட்டப் போவார்கள். எங்கள் லயத்தில் ஒருவர் மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டுதான் நிரைக்குப் போவார். மலாய்க்காரர்கள் ‘ராபுன் ஆயாம்’ என்றார்கள், நம்மவர்கள் மாலைக்கண் என்றார்கள், முருங்கைக்கீரையும் ஈரலும் கொடுத்தார்கள். வைட்டமின் ஏ குறைவால் வரும் மாலைக்கண்ணுக்கு அது நல்ல மருந்துதான். மரபணுப் பழுதால் வருவதைக் கீரை சரிசெய்யாது. இன்றும் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்து வருடக்கணக்கில் காத்திருக்கிறவர்களைப் பார்க்கிறேன். பார்க்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

ஏறக்குறைய 4000 பேரில் ஒருவருக்கு இந்த நோய் இருக்கிறது. ஆனால் இது ஒரே நோய் இல்லை. 1990இல் ரோடாப்சின் என்ற ஜீனில் (மரபணுவில்) முதல் பழுதைக் கண்டார்கள். இன்று 80க்கும் மேற்பட்ட ஜீன்கள் தெரியும். எந்த ஜீன் என்பதைப் பொறுத்து, குடும்பத்தில் அது இறங்கும் வழியும் மாறும்.

உங்கள் வீட்டில் பெற்றோர் இருவருக்கும் பார்வை நன்றாக இருந்தது, இருவரும் நெருங்கிய இரத்த உறவு. அப்படியென்றால் மறைந்திருந்து வரும் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பெரும்பாலான ஜீன்கள் நம்மிடம் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன. அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று பழுதானாலும் மற்றது வேலை செய்யும், கண்ணுக்கு ஒன்றும் ஆகாது. இரண்டும் பழுதாக வந்தால்தான் நோய். தாய்மாமனும் அக்காள் மகளும் நான்கில் ஒரு பங்கு ஜீன்களைப் பகிர்கிறவர்கள். அதனால் ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. இந்த உறவில் கட்டுவது நம் வழக்கம். மலேசியாவின் 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சட்டமும் இந்துக்களுக்கு இதைத் தடை செய்யவில்லை. உங்கள் பெற்றோர் தப்புச் செய்தார்கள் என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். யாரிடம் எந்தப் பழுது ஒளிந்திருக்கிறது என்று அன்று யாருக்குத் தெரியும்?

சரி, கணக்குக்கு வருவோம். இந்த வகை என்றால், கண் நன்றாக இருக்கும் நீங்கள் அந்தப் பழுதை ஒரு பிரதியில் சுமக்கும் வாய்ப்பு மூன்றில் இரண்டு. உங்கள் அண்ணனுக்கும் அப்படியே. உங்கள் மகளுக்கு மூன்றில் ஒன்று, அண்ணன் மகனுக்கும் மூன்றில் ஒன்று. இருவரும் சுமந்தால் மட்டுமே பிள்ளைக்கு நான்கில் ஒரு வாய்ப்பு. மூன்றையும் பெருக்கினால் 36இல் ஒன்று. அதாவது 100க்குச் சுமார் 3. மகள் வெளியில் கட்டினால், மாப்பிள்ளையிடம் அதே ஜீன் பழுதாக இருக்கும் வாய்ப்பு 100இல் ஒன்று என்று வைத்தாலும் கணக்கு 1200இல் ஒன்றுக்கு இறங்கிவிடும். ஆக, சொந்தக்காரர்கள் பயப்படுவதில் அர்த்தம் இருக்கிறது. ஆனால் ‘கண் போய்விடும்’ என்று அடித்துச் சொல்லும் அளவுக்கு இல்லை. பேசியிருப்பது தம்பியின் மகனை என்றால் நிலைமை வேறு. தம்பியிடமிருந்து பழுதான பிரதி அவனுக்குக் கண்டிப்பாக வந்திருக்கும், கணக்கு 12இல் ஒன்றுக்கு ஏறிவிடும். உங்கள் கணவரோ அண்ணியோ உங்கள் குடும்பத்துக்கு இரத்த சொந்தமாக இருந்தாலும் இந்தக் கணக்கு மாறும். நீங்கள் அதை எழுதவில்லை. டாக்டரிடம் அவசியம் சொல்லுங்கள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. அதுதான் எனக்குக் கவலை. சில குடும்பங்களில் இந்தப் பழுது, ஜீன்களைத் தாங்கும் குரோமோசோம்களில் எக்ஸ் என்பதில் இருக்கும். பெண்ணுக்கு எக்ஸ் இரண்டு, ஆணுக்கு ஒன்றுதான். எனவே பெண்கள் பெரும்பாலும் நோயின்றிச் சுமப்பார்கள், ஆண்பிள்ளைகளுக்கு வரும். உங்கள் வீட்டில் ஓர் ஆணுக்கு மட்டும்தான் நோய் என்பதால் இதை ஒதுக்க முடியாது. இது உண்மையானால் அண்ணன் மகனால் ஆபத்தே இல்லை, ஏனென்றால் உங்கள் அண்ணனிடம் பழுது இல்லை. ஆனால் உங்கள் மகள் யாரைக் கட்டினாலும் அவளுக்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண்பிள்ளைக்கும் எட்டில் ஒரு வாய்ப்பு இருக்கும். வெளியில் கொடுத்துவிட்டோம், தப்பித்தோம் என்று நினைத்து எல்லாரும் நிம்மதியாக இருந்துவிடுவார்கள். உங்கள் 13 வயது மகனையும் யாரும் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்கள். இந்த வகை பெரும்பாலும் பத்து வயதுக்குள்ளேயே தலைகாட்டும். மின்சாரம் போன இரவில் அவன் மற்ற பிள்ளைகளைப் போலவே நடமாடினால் பயம் பெரிதும் குறைகிறது. இருந்தாலும் ஒருமுறை கண்மணியை விரிக்கும் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்துவிடுவது நல்லது.

இங்கே அதிகம் செலவில்லாத ஒரு வழி இருக்கிறது. எக்ஸ் வகைப் பழுதைச் சுமக்கும் பெண்களின் விழித்திரையில் பல நேரம் திட்டுத் திட்டான அடையாளமோ பொன்னிறப் பளபளப்போ தெரியும். உங்கள் அம்மாவுக்குக் கண்புரை பார்க்கப் போகும்போது, தம்பிக்கு இந்த நோய் இருப்பதைச் சொல்லி விழித்திரையையும் பார்க்கச் சொல்லுங்கள். உங்களுக்கும் அப்படியே. ஒன்றும் தெரியவில்லை என்றால் எக்ஸ் வகை இல்லவே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. தெரிந்தால் அது பெரிய துப்பு.

இப்போது ரத்தப் பரிசோதனை. 80க்கும் மேற்பட்ட ஜீன்களில் எதைத் தேடுவது என்று தெரியாமல் உங்கள் மகளைச் சோதித்தால், வரும் தாளை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ‘பழுது இல்லை’ என்று வந்தாலும் அதை நம்ப முடியாது. தம்பியின் ரத்தத்தில் குறிப்பிட்ட பழுது கிடைத்துவிட்டால், அந்த ஓர் இடத்தை மட்டும் மகளிடமும் அண்ணன் மகனிடமும் பார்த்தால் போதும். மறைந்திருந்து வரும் வகையில் இருவரில் ஒருவரிடம் அது இல்லாவிட்டாலே இந்த நோயைப் பற்றிய பயம் அநேகமாகத் தீர்ந்தது. இருவரிடமும் இருந்தால் நான்கில் ஒன்று. அப்போது கர்ப்பத்தில் சோதிப்பது, கருவைச் சோதித்த பிறகு கருப்பையில் வைக்கும் முறை என்று பேச வேறு விஷயங்கள் உண்டு. முடிவு அந்த இரண்டு பேருடையது.

ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனைக் கண் பிரிவில் தம்பியைக் காட்டி, மரபியல் ஆலோசனைக்குக் கடிதம் கேளுங்கள். கோலாலம்பூர் மருத்துவமனையில் மரபியல் பிரிவு இருக்கிறது. போகும்போது தாத்தா பாட்டியிலிருந்து பேரப்பிள்ளைகள் வரை ஒரு தாளில் வரைந்து, யார் யாரைக் கட்டினார்கள், யாருக்குக் கண், காது குறை என்று குறித்துக்கொண்டு போங்கள். காதைச் சும்மா கேட்கவில்லை: இந்த நோயோடு கேட்கும் திறனும் குறைந்தால் அது அஷர் என்ற வகையாக இருக்கலாம். பிறவியில் ஆறாவது விரல் இருந்ததா என்பதையும் எழுதுங்கள், அதுவும் வகையைக் கண்டுபிடிக்க ஒரு துப்பு. முடிவு வர மாதங்கள் ஆகலாம், சிலருக்குப் பழுது கிடைக்காமலும் போகலாம். அதனால் கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் கட்டும் முன்பே தொடங்குங்கள்.

கல்யாணப் பேச்சில் தம்பியை மறந்துவிடாதீர்கள். இந்த நோய் உள்ளவர்களில் பலருக்குச் சீக்கிரமே கண்புரை வரலாம், விழித்திரை நடுவில் நீர் கோத்து வீங்கலாம். இரண்டுக்கும் சிகிச்சை உண்டு. ‘பரம்பரை நோய், மருந்தில்லை’ என்று வீட்டிலேயே இருந்துவிட்டால் இருக்கிற பார்வையும் வீணாகப் போகும். ஆர்.பி.ஈ.65 என்ற ஜீனில் பழுது உள்ளவர்களுக்கு மட்டும் லக்ஸ்டர்னா என்ற மரபணு சிகிச்சை 2017 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இரண்டு கண்ணுக்கும் சேர்த்து அங்கே வைத்த விலை 850,000 டாலர். செல்கள் உயிரோடு இருந்தால்தான் அது பயன்படும். நமக்கு எட்டாத விலைதான். ஆனாலும் மற்ற ஜீன்களுக்கும் ஆராய்ச்சிகள் நடக்கின்றன, தன் ஜீன் எது என்று தெரிந்தவரைத்தான் அவற்றில் சேர்ப்பார்கள். கடையில் விற்கும் அதிக அளவு வைட்டமின் ஏ மாத்திரையை வாங்கிக் கொடுக்காதீர்கள். சில ஜீன் பழுதுகளில் அது கெடுதல், கல்லீரலையும் பாதிக்கும். குழந்தைக்குத் தயாராகும் பெண்கள் அதைத் தொடவே கூடாது.

அப்புறம், தம்பிக்கு இன்னும் ஓ.கே.யு. (மாற்றுத்திறனாளி) அட்டை எடுக்கவில்லை என்றால் கண் டாக்டரிடம் பாரத்தில் கையெழுத்து வாங்கி சமூகநல இலாகாவில் பதிந்துவிடுங்கள். வெள்ளைக்கோல் பிடித்து நடக்கவும் வேலைக்கும் பயிற்சி வேண்டுமென்றால் பிரிக்ஃபீல்ட்ஸில் 1951 முதல் இயங்கும் மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தில் கேளுங்கள். இரவில் அவர் மோட்டார் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள்.