ஃபூஜியானில் எட்டு நாள்: எதைப் பார்ப்பது, எதை விடுவது?

திருச்சி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: ‘நவம்பரில் எட்டு நாள் விடுப்பு கிடைக்கிறது. நான், மனைவி, எழுபது வயது அப்பா மூவரும் சீனாவின் ஃபூஜியான் மாகாணத்துக்குப் போகிறோம். தமிழ்க் கல்வெட்டு கிடைத்த ஊரைப் பார்க்க வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. சியாமென், சுவான்சோ, துலோ மண்கோட்டை வீடுகள், ஃபூசோ, வூயி மலை எல்லாவற்றையும் பார்த்துவிட முடியுமா? நாங்கள் சைவம்.’

எல்லாவற்றையும் தொட்டுவிட்டு வரலாம். ஆனால் அப்பா எந்த ஊருக்காக ஆசைப்பட்டாரோ அந்த ஊருக்கு அரை நாள்தான் மிஞ்சும். அதனால் வூயி மலையையும் ஃபூசோவையும் இந்த முறை விட்டுவிடுங்கள். வூயி மாகாணத்தின் வடமேற்கு மூலையில் இருக்கிறது. அதற்கென்று மூன்று நாள் ஒதுக்க முடிந்தால் மட்டும் போகலாம். இருக்கும் நாட்களில் சுவான்சோவுக்கு மூன்று நாள், துலோ வீடுகளுக்கு ஒரு இரவு, சியாமெனுக்குக் கடைசி இரண்டு நாள் என்று பிரித்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் நல்ல தேர்வு. ஜூலை முதல் செப்டம்பர் வரை அந்தக் கடற்கரையில் புயல் காலம். படகும் ரயிலும் சட்டென்று நின்றுவிடும். அக்டோபர் முதல் வாரத்தில் தேசிய விடுமுறை என்பதால் ஊரே வெளியே கிளம்பிவிடும், அறை கிடைக்காது. நவம்பரில் வெயிலும் குறைவு, மழையும் குறைவு. மாலையில் அப்பாவுக்கு மட்டும் ஒரு ஸ்வெட்டர் போதும்.

முதலில் சுவான்சோ. டிக்கெட் எடுக்கும்போது இதைக் குவாங்சோ என்று படித்துவிடாதீர்கள். அது பக்கத்து மாகாணத்தின் தலைநகர். சுவான்சோவை அரபு வணிகர்கள் ஸைத்தூன் என்றார்கள். மார்க்கோ போலோவும் இபின் பதூதாவும் வியந்து எழுதிய துறைமுகம் இது. 2021இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. அப்பா சொல்லும் கல்வெட்டு 1956இல் இங்கேதான் கிடைத்தது. சக ஆண்டு 1203, அதாவது கி.பி. 1281, சித்திரை மாதத்தில், சம்பந்தப் பெருமாள் என்பவர் சீனப் பேரரசரான கானின் உடல் நலம் வேண்டித் திருக்கதலீஸ்வரம் உடைய நாயனார் என்ற சிவனை எழுந்தருளச் செய்த செய்தி அதில் இருக்கிறது. தமிழ் வரிகளுக்குக் கீழே கடைசியில் ஒரு சீன வரி. அந்தச் சிவன் கோயில் இன்று இல்லை. இடிந்த கோயில்களின் கற்கள்தான் ஊரெங்கும் சிதறிக் கிடந்தன.

அந்தக் கற்களைப் பார்க்க இரண்டு இடங்கள். ஒன்று கடல்வழிப் போக்குவரத்து அருங்காட்சியகம். சிற்பங்கள் பல அங்கேதான் சேர்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. திங்கட்கிழமைகளில் சீன அருங்காட்சியகங்கள் பெரும்பாலும் மூடியிருக்கும், கிழமையைப் பார்த்துத் திட்டமிடுங்கள். இன்னொன்று கி.பி. 686இல் தொடங்கிய கைய்யுவான் பௌத்தக் கோயில். எல்லோரும் இரட்டைக் கல் கோபுரங்களைப் படம் எடுத்துக்கொண்டு வெளியேறிவிடுவார்கள். நீங்கள் பெரிய மண்டபத்தைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். தாழ்வாரத்தில் பல பட்டைகள் கொண்ட இரண்டு கருங்கல் தூண்கள் நிற்கும். வட்டத்துக்குள் வட்டமாகச் சிற்பங்கள். உரலை இழுத்துக்கொண்டு இரண்டு மரங்களுக்கு நடுவே தவழும் கண்ணனை யாரும் சொல்லாமலே அடையாளம் கண்டுகொள்வீர்கள். இரணியனை மடியில் கிடத்திய நரசிம்மரும் உண்டு. மிங் அரச காலத்தில் மண்டபத்தைப் பழுதுபார்த்தபோது, இடிந்த கோயிலிலிருந்து இந்தத் தூண்களை எடுத்துவந்து நிறுத்திவிட்டார்கள். காலையில் கூட்டம் சேரும் முன்பே போய்விடுங்கள். அப்பா ஒவ்வொரு வட்டமாகப் பார்க்கட்டும், அதற்கே ஒரு மணி நேரம் ஆகும்.

ஊரின் ஓரத்தில் ஷுன்பூ என்ற மீனவர் குடியிருப்பு. சிப்பி ஓடுகளை அடுக்கிக் கட்டிய சுவர்கள், கொண்டையைச் சுற்றி வளையம் வளையமாகப் பூ வைத்த பாட்டிகள். காசு கொடுத்தால் வருகிறவர்களுக்கும் பூ வைத்துவிடுவார்கள். உங்கள் மனைவிக்கு நிச்சயம் பிடிக்கும்.

அடுத்து துலோ. இங்கே ஒரு பொறி இருக்கிறது. நீங்கள் இறங்க வேண்டிய ரயில் நிலையம் நான்ஜிங். பல நூறு கிலோமீட்டர் வடக்கே இருக்கும் பெருநகரமும் நான்ஜிங்தான். சீன எழுத்து வேறு, ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே எழுத்துக்கூட்டு. சியாமெனிலிருந்து பயண நேரம் ஒரு மணிக்குள் இருந்தால்தான் அது உங்கள் நான்ஜிங். அங்கிருந்து மலைப்பாதையில் ஒரு மணி நேரத்துக்கு மேல் பேருந்து அல்லது வாடகைக் கார். அப்பா வருவதால் காரே எடுத்துவிடுங்கள். யுன்ஷுய்யாவ் கிராமத்தில் தங்கலாம். ஓடைக்கரையில் பெரிய ஆலமரங்கள், சமதளமான நடைபாதை. ஒரு மீட்டருக்கும் மேல் தடித்த மண் சுவருக்குள் ஒரு குலமே குடியிருந்த வீடுகள் இவை. கீழே அடுப்படி, அதற்கு மேல் தானியம், அதற்கும் மேல் படுக்கை அறைகள். மாடிக்கு ஏற விடாவிட்டால் வருத்தப்படாதீர்கள், முற்றத்தில் உட்கார்ந்து பார்த்தாலே போதும்.

சியாமெனில் குலாங்யூ தீவுக்கு ஒரு நாள். பகலில் வெளியூர்க்காரர்களுக்கான படகு கப்பல் முனையத்திலிருந்து கிளம்பும், ஊர் நடுவில் உள்ள துறை உள்ளூர்க்காரர்களுக்கு. பாஸ்போர்ட்டைக் காட்டி முன்கூட்டியே டிக்கெட் எடுங்கள். தீவில் மோட்டார் வண்டி ஓடாது, மேடும் பள்ளமுமாக நடக்க வேண்டும். அப்பாவுக்கு அரை நாள் போதும்.

சைவச் சாப்பாடுதான் உண்மையான சிரமம். கடலோர ஊர் என்பதால் காய்கறிப் பொரியலில்கூடச் சிப்பிச் சாறோ பன்றிக் கொழுப்போ சேர்ந்திருக்கும். ‘வோ ச்சீ சூ’ என்றால் நான் சைவம் சாப்பிடுகிறவன் என்று பொருள். இதைச் சீன எழுத்திலும் எழுதி வைத்துக்கொண்டு காட்டுங்கள். நம்பிச் சாப்பிட பௌத்தக் கோயில்களை ஒட்டிய சைவ உணவகங்கள் உண்டு. சியாமெனில் நான்புத்துவோ கோயிலின் உணவகம் பெயர் பெற்றது. அந்த ஊரின் வேர்க்கடலைப் பாயசத்தையும் விடாதீர்கள். துலோ பக்கம் போகும்போது மட்டும் பொடியும் அவலும் கையில் இருக்கட்டும்.

விசா முன்பே எடுக்க வேண்டும். வேறு நாட்டுக்குப் போகும் வழியில் விசா இல்லாமலே பத்து நாள் தங்கும் சலுகை சில நாட்டவருக்கு உண்டு, இந்தியர்களுக்குக் கிடையாது. திருச்சியிலிருந்து சிங்கப்பூர் அல்லது கோலாலம்பூர் வழியாக சியாமெனுக்கு ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால், பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைக்க நடுவில் உள்ள நாட்டுக்குள் நுழைய வேண்டியிருக்கும். அப்புறம் பணம். அங்கே தள்ளுவண்டியில்கூட க்யூஆர் கோடுதான். அலிபே என்ற பணம் செலுத்தும் செயலியைப் போனில் ஏற்றி, விசா கார்டையோ மாஸ்டர்கார்டையோ இங்கேயே இணைத்துவிடுங்கள். கையில் கொஞ்சம் யுவானும் இருக்கட்டும். ரயிலுக்கு பாஸ்போர்ட்தான் டிக்கெட். அறையில் வைத்துவிட்டுக் கிளம்பினால் ஏற முடியாது. உள்ளூர் இணையத்தில் வாட்ஸ்அப்பும் கூகுளும் திறக்காது. இந்திய சிம்மில் ரோமிங் போட்டால் வேலை செய்யும். ஒருவர் போனிலாவது அதைப் போட்டு, வீட்டில் எந்த எண்ணில் கூப்பிட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.