பழைய வீட்டுக் கணினிக்கு, முதன்முதலில் லினக்ஸ் போடுகிறவர் எதைத் தெரிவுசெய்யலாம்?

கேட்டவர் அக்கரைப்பற்றுக்காரர். வீட்டில் இருப்பது 2013இல் வாங்கிய மேசைக் கணினி. 4 ஜிபி ரேம், பழைய வன்தட்டு. விண்டோஸ் 10க்கு ஆதரவு முடிந்துவிட்டது, 11 அதில் ஏறாது, புதிதாக வாங்கக் கையில் காசில்லை. உயர்தரம் படிக்கும் தங்கையும் தமிழில் கடிதம் தட்டச்சு செய்யும் அப்பாவும் அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். விண்டோஸுக்குப் பதிலாகப் போடக்கூடிய இலவச இயங்குதளமான லினக்ஸைத் தொட்டுப் பார்த்ததே இல்லை, எதில் தொடங்கலாம் என்று கேட்கிறார்.

லினக்ஸ் மின்ட். அதிலும் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பு. (லினக்ஸில் பல வகைகள் உண்டு; மின்ட் அவற்றில் ஒன்று.) அவசரம் உள்ளவர்கள் இத்தோடு எழுந்து போகலாம். மற்றவர்களுக்கு, மட்டக்களப்புக் கல்லடியில் இருக்கும் என் மாமாவின் கணினியைத்தான் சாட்சிக்கு அழைக்க வேண்டும். ஏறத்தாழ உங்களுடையதைப் போன்ற ஒன்று அது.

மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர், ஊர்க் கண்ணகி அம்மன் கோயிலை நிர்வகிக்கும் வண்ணக்கர்களில் ஒருவர். வைகாசிச் சடங்கின் நோட்டீஸ், உபயகாரர் பட்டியல், பத்து வருடக் கணக்கு எல்லாம் அந்த ஒற்றைக் கணினிக்குள். வீடு கடலுக்குப் பக்கம். மூடியைத் திறந்தபோது பின்பக்கத் திருகாணிகள் துருவேறி ஒட்டியிருந்தன. யுஎஸ்பி வாய்களில் ஒன்று பச்சை பூத்திருந்தது. மின்விசிறியில் தூசியும் உப்பும் கம்பளிபோல் படிந்திருந்தன. இதை ஏன் சொல்கிறேன் என்றால், கணினி மந்தமாக இருந்தால் முதலில் ஒரு தூரிகையை எடுங்கள். எந்த இயங்குதளமும் மின்விசிறியைத் துடைத்துத் தராது. (தங்கையின் பாடப்புத்தகம் பணிசெயல் முறைமை என்று சொல்வதைத்தான் இயங்குதளம் என்கிறேன்.)

உள்ளே இருந்தது மூன்றாம் தலைமுறை இன்டெல் ஐ3. விண்டோஸ் 11 கேட்பதோ எட்டாம் தலைமுறையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லும். விண்டோஸ் 10இன் வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் நின்றுவிட்டது. போதாக்குறைக்கு மாமாவுடையது கடையில் பூட்டுடைத்துப் போட்டுக் கொடுத்த பிரதி. ஆகவே நான் இரண்டு பென் டிரைவ்களோடு போனேன்: ஒன்றில் உபுண்டு என்ற இன்னொரு லினக்ஸ் வகை, மற்றதில் மின்ட். லினக்ஸில் இது ஒரு பெரிய வசதி. வன்தட்டில் ஓர் எழுத்தைக்கூட மாற்றாமல், பென் டிரைவிலிருந்தே கணினியைக் கிளப்பி ஓட்டிப் பார்க்கலாம். கொஞ்சம் மெதுவாக ஓடும், அணைத்தால் செய்த மாற்றங்கள் போய்விடும், அவ்வளவுதான்.

உபுண்டுவின் மேல் எனக்குத் தனிப் பாசம் உண்டு. 2004 ஒக்டோபரில் முதல் பதிப்பு வந்தது; அதன்பின் 2011 வரை, கேட்டவர்களுக்கெல்லாம் உலகத்தின் எந்த மூலைக்கும் குறுவட்டை இலவசமாகத் தபாலில் அனுப்பினார்கள். நான் மாணவனாக இருந்தபோது எனக்கும் ஒன்று வந்தது. வெளிநாட்டுத் தபால் என்றதும் அம்மா விசா விஷயம் என்று நினைத்துச் சாமிப் படத்துக்கு முன்னால் வைத்துவிட்டார். அந்த நன்றி இன்னும் இருக்கிறது. ஆனாலும் மாமாவுக்கு அது சரிவரவில்லை. திரையின் இடப்பக்கம் படங்களின் வரிசை, கீழே ஒன்றுமில்லை. மவுஸைப் பிடித்தபடி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கீழே இருந்த பொத்தான் எங்கே மருமகன்?" என்றார். உலாவியில் நான்கைந்து பக்கங்களைத் திறந்ததும் 4 ஜிபி ரேமும் மூச்சுவாங்கத் தொடங்கியது.

மின்ட்டைப் போட்டேன். கீழே இடது மூலையில் பட்டியல் பொத்தான், வலது மூலையில் நேரம். மாமாவின் கை தானாகவே இடது மூலைக்குப் போனது. நான் வாய் திறக்கவே இல்லை. ஒரு கோப்புறையைத் திறந்தார், மூடினார், இன்னொன்றைத் திறந்தார். தொடக்கக்காரருக்கு எளியது எது என்று பக்கம் பக்கமாக விவாதிக்கிறார்கள். பழகிய கை பழகிய இடத்துக்குப் போனால் அங்கே பொத்தான் இருக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

மின்ட் 2006இல் தொடங்கியது, உபுண்டுவின் மேல் கட்டப்பட்டது. சினமன், மேட், எக்ஸ்எஃப்சிஇ என்று மூன்று முகங்கள், அதாவது திரைத் தோற்றங்கள். சினமன்தான் அழகு, எக்ஸ்எஃப்சிஇ இலேசானது. 8 ஜிபி ரேம் இருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சினமன் போடுங்கள். மின்ட் 22 என்ற பதிப்பு வரிசைக்கு 2029 வரை பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் கிடைக்கும். குறைந்தது 2 ஜிபி ரேம், 20 ஜிபி வன்தட்டு இடம் போதும் என்று அவர்கள் சொல்கிறார்கள். 2 ஜிபியில் உலாவியைத் திறந்தால் பொறுமை சோதிக்கப்படும், அது என் அனுபவம். விண்டோஸின் சாயல்தான் வேண்டும் என்பவர்களுக்கு டப்ளினில் இரண்டு சகோதரர்கள் தொடங்கிய சொரின் இருக்கிறது. நன்றாகவும் இருக்கிறது, உங்கள் கணினிக்குச் சற்றுக் கனம். டெபியன், ஃபெடோரா போன்ற மற்ற வகைகள் எல்லாம் இரண்டாவது வருடத்தில் ஆசைப்பட வேண்டியவை.

இனி, மற்றப் பதில்களில் யாரும் தொடாத விஷயம். உங்கள் அப்பா தமிழில் தட்டச்சு செய்கிறார் என்றீர்கள். அநேகமாகப் பாமினி எழுத்துருவில்தான், இல்லையா? நம் பக்கத்து அச்சகம், பாடசாலை, கோயில், சங்கம் எல்லாவற்றிலும் பழைய கோப்புகள் பாமினியில்தான் கிடக்கின்றன. மாமாவின் 2016ஆம் ஆண்டு நோட்டீஸை மின்ட்டில் திறந்தபோது திரை முழுக்க ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும். மாமாவின் முகம் வெளிறிவிட்டது. பத்து வருடக் கணக்கும் போய்விட்டது என்றே நினைத்திருப்பார்.

ஒன்றும் போகவில்லை. பாமினி உண்மையில் ஆங்கில எழுத்துகளுக்குத் தமிழ் முகமூடி போட்ட எழுத்துரு. "அம்மா" என்று நாம் பார்ப்பது கோப்புக்குள் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றுதான் இருக்கும்; அந்த அரைப்புள்ளிதான் மெய்யெழுத்தின் புள்ளி. முகமூடி இல்லாத கணினியில் உள்ளே இருப்பது அப்படியே தெரிகிறது. பழைய விண்டோஸின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினிக் கோப்பைப் பென் டிரைவில் எடுத்து வந்து, மின்ட்டில் இரட்டைச் சொடுக்குப் போட்டு நிறுவினேன். கடிதம் எழுதும் லிப்ரே ஒஃபிஸ் செயலியை மூடித் திறந்ததும் அம்மன் சடங்கு அம்மன் சடங்காகவே வந்தது. ஆகவே விண்டோஸை அழிப்பதற்கு முன் எழுத்துருக்கள் முழுவதையும் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். அழித்த பிறகு அதே பாமினியைத் தேடி அலைந்தவர்களை எனக்குத் தெரியும்.

பழைய கோப்புகளுக்கு அது போதும். புதிதாக எழுதுவதை, எந்தக் கணினியிலும் கைப்பேசியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடுக்கு மாற்றிவிடுவது நல்லது. பாமினியில் எழுதியதை வாட்ஸ்அப்பில் ஒட்டினால் மறுபடியும் அரைப்புள்ளி மழைதான். அமைப்புகளில் உள்ளீட்டு முறை என்ற பகுதிக்குப் போய், ஐபஸ் (IBus) என்ற தட்டச்சுக் கருவியும் அதற்குரிய எம்17என் (m17n) பொதியும் நிறுவினால் தமிழ்99, ஒலியியல் முறை, இலங்கைக்குரிய ரெங்கநாதன் விசைப்பலகை எல்லாம் கிடைக்கும். பாமினியில் பழகிய விரல்களுக்கு ரெங்கநாதன் நெருக்கமானது. மாமா இரண்டு கிழமை முணுமுணுத்தார். இப்போது என்னைவிட வேகமாக அடிக்கிறார், நான் தமிழ்99காரன்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு மாமா கேட்டார்: "சும்மா தருகிறானே, அவனுக்கு இதில் என்ன இலாபம்?" நியாயமான கேள்வி. உபுண்டுவின் பின்னால் இருக்கும் நிறுவனம் பெரிய நிறுவனங்களுக்குச் சேவை செய்து சம்பாதிக்கிறது, மின்ட் நன்கொடையிலும் விளம்பரத்திலும் ஓடுகிறது என்று விளக்கினேன். நம்பிய மாதிரித் தெரியவில்லை. பிறகு சகானாவைப் பற்றிச் சொன்னேன். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, காணாமற்போனவர்களையும் முகாம்களில் இருந்தவர்களையும் பதிவுசெய்ய இலங்கை நிரலாளர்கள் தன்னார்வமாக எழுதிய மென்பொருள் அது. சிங்களத்தில் சகானா என்றால் நிவாரணம். நிரலைத் திறந்த மூலமாக வெளியிட்டுவிட்டார்கள். 2005இல் பாகிஸ்தானில் நிலநடுக்கம் வந்தபோதும் 2010இல் ஹைட்டியிலும் அதையே எடுத்துப் பயன்படுத்தினார்கள். யாரும் யாரிடமும் அனுமதிக்கு நிற்கவில்லை. மாமா அந்த நாட்களில் ஒரு பாடசாலை முகாமில் பெயர் எழுதும் வேலையில் இருந்தவர். "நாங்கள் சீ.ஆர். கொப்பியில்தான் எழுதினோம்" என்றார். அதற்குமேல் இலாபக் கணக்குப் பேசவில்லை.

நிறுவும் வேலைக்கு வருவோம். மின்ட்டின் நிறுவல் கோப்பு ஏறத்தாழ 3 ஜிபி. இரவு நேர டேட்டா இருந்தால் அப்போது இறக்குங்கள். இறக்கியதும், கோப்பை யாரும் மாற்றவில்லை என்று காட்ட மின்ட் தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்ஹெச்ஏ256 எண்ணோடு, அந்த 64 எழுத்துகளோடு, சரிபார்த்துக்கொள்ளுங்கள். வீண் சடங்கு இல்லை இது: 2016 பெப்ரவரியில் மின்ட்டின் தளத்துக்குள் புகுந்தவர்கள், பின்கதவு (வெளியார் இரகசியமாக நுழையும் வழி) வைத்த கோப்புக்கு இணைப்பைத் திருப்பிவிட்டிருந்தார்கள். பிறகு ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற கருவியைக் கொண்டு 8 ஜிபி பென் டிரைவில் எழுதுங்கள். அதிலிருந்து கிளப்பி இரண்டு மூன்று நாள் ஓட்டிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, அச்சுப்பொறி அசைகிறதா? வைஃபை இல்லாவிட்டால் கைப்பேசியை யுஎஸ்பி வயரில் இணைத்து டேட்டாவைப் பகிருங்கள். பெரும்பாலும் கேள்வி கேட்காமலே வேலை செய்யும்.

பிரதி எடுக்காமல் வன்தட்டில் கை வைக்காதீர்கள். இதை எனக்கு 2022 கற்றுத் தந்தது. நாளுக்குப் பதின்மூன்று மணி நேரம்வரை மின்வெட்டு இருந்த காலம். அட்டவணைப்படி இன்னும் ஒரு மணி நேரம் இருக்கிறது என்று நம்பி, பக்கத்து வீட்டு அக்காவின் கணினியில் விண்டோஸுக்குப் பக்கத்தில் லினக்ஸுக்கு இடம் பிரித்துக்கொண்டிருந்தேன். பாதியில் போய்விட்டது மின்சாரம். திரும்பி வந்தபோது அந்தப் பகுதி திறக்கவில்லை. உள்ளே மகளின் சாமத்திய வீட்டுப் படங்கள். ஃபோட்டோரெக் என்ற இலவசக் கருவியை இரவு முழுக்க ஓட்டி முக்கால்வாசியை மீட்டேன். பெயர்களெல்லாம் போய் வெறும் எண்களாக வந்தன. அக்கா திட்டவில்லை, தேநீர் தந்தார். அதுதான் தாங்க முடியவில்லை. அட்டவணையில் தவறில்லை, பிரதி எடுக்காதது நான். மாரி மழைக் காலத்தில் இந்த வேலையைத் தொடங்கவே தொடங்காதீர்கள். தொடங்கினால் யுபிஎஸ் ஒன்றை இரவல் வாங்குங்கள்.

விண்டோஸையும் லினக்ஸையும் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் வைப்பதைவிட, முடிந்தால் வன்தட்டைவிட வேகமான எஸ்எஸ்டி என்ற சேமிப்பகத்தில் சிறியதாக ஒன்றை வாங்கி லினக்ஸை அதில் போட்டு, பழைய வன்தட்டைத் தொடாமல் விட்டுவிடுங்கள். வேகத்தில் ரேமைவிட இதுதான் கண்ணுக்குத் தெரிகிற மாற்றம். நிறுவியதும் டைம்ஷிஃப்ட் என்ற கருவியை இயக்கி, கணினியின் அன்றைய நிலையை ஒரு நிழற்படமாக எடுத்து வையுங்கள்; ஏதாவது இற்றைப்படுத்தல் குழப்பினால் முந்திய நாளுக்குத் திரும்பிவிடலாம்.

தங்கைக்கு நட்டமில்லை. உயர்தரத்துக்கு வேண்டிய பைதன் உள்ளேயே இருக்கிறது, சூம் வகுப்புக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. இல்லாதவற்றையும் சொல்லிவிடுகிறேன். மைக்ரோசொஃப்ட் ஒஃபிஸ் கிடையாது. லிப்ரே ஒஃபிஸ் அதே கோப்புகளைத் திறக்கும், ஆனால் அட்டவணைகளும் பக்க ஓரங்களும் சில நேரம் நகர்ந்து நிற்கும். வாட்ஸ்அப்பை உலாவியில்தான் திறக்க வேண்டும். மலிவான லேசர் அச்சுப்பொறிகள் சில அடம்பிடிக்கும். மாமாவுடையது இன்றுவரை அசையவில்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை அதற்குப் பலிகொடுத்துவிட்டுக் கைவிட்டேன். நோட்டீஸைப் பிடிஎஃப் ஆக்கிப் பென் டிரைவில் போட்டுக்கொண்டு போட்டோக்கொப்பிக் கடைக்குப் போகிறார். உங்கள் வீட்டில் அச்சுப்பொறி தினமும் தேவை என்றால், அதன் மாதிரி எண்ணோடு லினக்ஸ் என்று சேர்த்துத் தேடிப் பார்த்த பிறகே முடிவெடுங்கள்.

வைஃபை அட்டையின் பெயர் தெரிந்தால் கேள்வியில் சேர்த்துவிடுங்கள். இன்டெல் என்றால் கவலை வேண்டாம். வேறு ஏதாவது என்றால், நிறுவுவதற்கு முன்னால் ஒருமுறை சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.